தூணடி வாங்கு

எங்கள் கோயிலைத் தேடி வருகிறவர்கள் முதலில் அதைக் கடந்து போய்விடுவார்கள். கோபுரம் இல்லை, மணிக்கூண்டு இல்லை, உச்சியில் ஒரு சிலுவைகூட இல்லை. சந்தைக்கு முன்னால், மீன்கடைகளுக்கும் லொறிகள் நிற்கும் இடத்துக்கும் நடுவில், கடலில் எடுத்த முருகைக்கல்லால் கட்டிச் சுண்ணாம்பு பூசிய உயரமான ஒரு சதுரக் கட்டடம். முகப்பில் ஒரே அச்சில் இரண்டு கதவுகள். கோயில் என்று சொன்னால் ஓட்டோக்காரர்கள் நேரே கத்தோலிக்கக் கோயிலில் கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள். பாலாவிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு லொறிக்காரன் இதை உப்புக் களஞ்சியம் என்று நினைத்து, வாசல்வரை லொறியைப் பின்னுக்கு எடுத்து நிறுத்தியதும் உண்டு. கோயிலைப் பார்த்துக்கொண்ட பெரியவர் அவனை ஏசவில்லை. உள்ளே கூட்டிப்போய் நீள வாங்குப் பலகையில் இருத்தி, கோயில் முழுவதையும் விளக்கிச் சொல்லித்தான் விட்டார். அவன் பாவம், வேளைக்கு உப்பு ஏற்றப் போக வேண்டியவன்.

ஊரில் அவரை ஓவசியர் ஐயா என்பார்கள். யாழ்ப்பாணத்து ஆள். இளமையில் உப்பளத்தில் மேற்பார்வை வேலை கிடைத்து இங்கே வந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. போதகர் வேறு ஊரிலிருந்து மாதத்தில் ஒருமுறை வருவார். மற்ற ஞாயிறுகளில் பிரசங்க மேடை ஓவசியர் ஐயாவுடையதுதான். நெடுத்த மனிதர். வெள்ளைச் சேர்ட், மடிப்புக் கலையாத வேட்டி, தலை நிறையத் தேங்காயெண்ணெய். அவர் மனைவி வீட்டில் காய்ச்சிய எண்ணெய் அது. வெயில் ஏற ஏற நெற்றியில் இறங்கி மினுங்கும்.

மறைவு என்பது அவருக்குப் பிடிக்காது. அவரைப் பற்றி நான் சொல்லப்போவது எல்லாம் இந்த ஒன்றில்தான் வந்து நிற்கும். அவருடைய வீட்டு முன்கதவு விடிந்தால் திறக்கும், படுக்கும்போதுதான் பூட்டும். யன்னல்களுக்குப் பாதியை மறைக்கிற கதவுகூட இல்லை. அறை வாசலுக்கு ஒரு துண்டுத் திரைச்சீலை போட விடமாட்டார். அவர் மனைவி சேலை மாற்றுவதற்குக் குசினிக்குப் பின்னால் கிணற்றடிக் கொட்டிலுக்குப் போக வேண்டும். கூச்சப்பட என்ன இருக்கிறது என்று கேட்பார். கூச்சப்படுகிறவரிடம் அதைக் கேட்டுப் பிரயோசனம் இல்லை என்பது அவர் மூளைக்கு ஏறவே ஏறாது.

கோயிலை அவர் நேசித்ததும் அதனால்தான். அதைக் கட்டிய மிஷன்காரர்கள் சிலையையும் தூபத்தையும் திரையையும் ஒதுக்கியவர்கள். நிறக் கண்ணாடி வைக்கவில்லை. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கும் மேலான வளைவு யன்னல்களில் வெறும் கண்ணாடி. உள்ளே நுழைந்தால் எதிர்ச் சுவரின் நட்டநடுவில் பிரசங்க மேடை, ஏணி வைத்து ஏறுகிற உயரத்தில். அதன் மேலே குரல் சிதறாமல் இருக்க எட்டு மூலைப் பலகை ஒன்று குடைபோல விரிந்திருக்கும். அடியில் எளிமையான ஒரு திருவிருந்து மேசை. மூன்று பக்கமும் மேல்மாடம், நாங்கள் மெத்தை என்போம். அதைத் தாங்கச் சதுரமான பாலைமரத் தூண்கள், வெள்ளைப் பெயின்ட் பூசியவை. ஆண்களுக்கு வலக்கதவு, பெண்களுக்கு இடக்கதவு. நடுவில் கதவுச் சுவரிலிருந்து மேசைவரை நெஞ்சளவு உயரத்தில் ஒரு பலகைத் தடுப்பு. வாங்கில் இருந்தால் இந்தப் பக்கத்தார் அந்தப் பக்கத்தாரைக் காண முடியாது. மேடையில் நிற்பவர் எல்லாரையும் காண்பார், எல்லாரும் அவரைக் காண்பார்கள். கட்டியவர்களின் எண்ணம் அது.

“இந்தக் கோயிலிலை மறைவெண்டு ஒரு இடம் இல்லை” என்பது அவருடைய வாய்ப்பாடு. வெளிநாட்டிலிருந்து யாரும் பார்க்க வந்தால், ஆண்களை மெத்தையிலும் கீழேயும் இடம் இடமாக இருத்திவிட்டு, தான் மேடையில் ஏறி நின்று, “நான் தெரியிறனோ?” என்று கேட்பார். தெரிகிறது என்பார்கள். அடுத்த வாங்குக்கு மாறி இருக்கச் சொல்லிவிட்டு மறுபடி கேட்பார். வந்தவர்கள் வெயிலில் களைத்து, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “ஓம் ஓம், நல்ல வடிவாத் தெரியுது” என்று சொல்லித் தப்பப் பார்ப்பார்கள்.

பெண்கள் வந்தால் அவர்களை என்னிடம் ஒப்படைப்பார். நான் அந்தக் கோயிலில் ஆர்மோனியம் வாசிக்கிறவள். மன்னார்ப் பக்கமிருந்து இடம்பெயர்ந்து வந்து, இங்கே பள்ளிக்கூடத்தில் படிப்பித்து, சண்டை முடிந்து மற்றவர்கள் திரும்பிப் போனபோதும் போகாமல் நின்றுவிட்டவள். போய்ப் பார்க்க அங்கே எனக்கு ஆள் இல்லை. பெண்கள் பக்கத்தில் ஓவசியர் ஐயா காலடி வைத்ததே குறைவு. கூட்டுவதும் துடைப்பதும் பெண்களின் முறை. மெத்தைப் பலகை மாற்றியபோது அந்தப் பக்கம் வந்து நின்று பார்த்திருக்கிறார். இருந்து பார்த்ததில்லை. ஆண்பிள்ளை ஒருவர் அந்தப் பக்கத்து வாங்கில் இருப்பது எங்கள் கோயிலில் நடக்கிற காரியம் அல்ல. வருகிற பெண்களை நான் எப்போதும் முன்வாங்கில் இருத்திவிடுவேன். மேடையிலிருந்து கேள்வி வரும். தெரிகிறது என்று நாங்கள் பதில் சொல்வோம். விஷயம் முடிந்தது.

ஒரு காலத்தில் போதகரின் மனைவி மேற்குப் பக்க யன்னல்களுக்குத் திரைச்சீலை தைத்துப் போட்டார். களப்புத் தண்ணீர்ப் பக்கத்து வெயில் பின்னேர ஆராதனையில் கண்ணைப் பறிக்கும். அந்த அம்மா செய்ததில் நியாயம் இருந்தது. அடுத்த ஞாயிறு பிரசங்கத்துக்கு ஏறுமுன் ஓவசியர் ஐயா ஒவ்வொரு யன்னலாகப் போய்ச் சீலைகளைக் கழற்றி, பிழையில்லாமல் மடித்து, அந்த அம்மாவின் மடியிலேயே கொண்டுபோய் வைத்தார். வெளியே போகிற சனம் உள்ளுக்கு என்ன நடக்கிறது என்று பார்க்கட்டும் என்றார். பார்த்தார்கள்தான். மீன் விற்கிற முஸ்லிம் நானா ஒருவர் வியாபாரம் ஓய்ந்த நேரத்தில் யன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு அரைவாசிப் பிரசங்கம் கேட்பார். கேட்டுவிட்டு என்னிடம், ஐயா இன்றைக்குக் கொஞ்சம் சூடுதான் என்பார்.

சூடுதான். நித்திரை தூங்குகிறவரை மேடையிலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவார். சண்டை பிடித்த அண்ணன் தம்பியைச் சபை நடுவில் எழுப்பிவிட்டுக் கை கொடுக்க வைப்பார். கோயிலுக்கு வெளியே சொல்ல வேண்டியதையும் உள்ளேதான் சொல்வார். சிலர் இதனாலேயே வராமல் விட்டார்கள். அவர் வீட்டுக்குச் சோறு சாப்பிட வந்தவர்களும் குறைந்தார்கள். ஒளிக்காமல் வாழ்கிற மனிதனுக்குச் சிநேகிதர் நிறைய இருப்பார்கள் என்று அவர் நம்பியிருக்க வேண்டும். எனக்குத் தெரிந்து அவருக்கு ஒருவரும் இருக்கவில்லை.

மனைவி கதை குறைந்த மனுசி. சின்ன உருவம். பெண்கள் பக்கத்தில், மெத்தைப் படிக்குப் பக்கத்து வாங்கின் ஓரத்தில்தான் எப்போதும் இருப்பார். வாங்கை ஒட்டினாற்போல முன்னால் ஒரு தூண். முன்னுக்கு வாருங்கோவன் அம்மா, இடம் கிடக்கிறதே என்று நான் வந்த புதிதில் கேட்டேன். “இதிலை நல்ல காத்து வரும் பிள்ளை” என்றார். காற்றாவது ஒன்றாவது. கோயிலிலேயே புழுங்குகிற இடம் அதுதான். எனக்கு விளங்கியது, அதற்குப் பிறகு கேட்கவில்லை.

ஏனென்றால் அந்த இடம் என்ன இடம் என்று மற்றப் பெண்கள் எனக்குச் சொன்னார்கள். அதில் இருந்தால் தூண் பிரசங்க மேடையை முழுதாக மறைத்துவிடும். நின்றால் தெரியும், இருந்தால் தெரியாது. கைப்பிள்ளைக்காரிகள் பால் கொடுக்கிற இடம் அது. யார் முதலில் கண்டுபிடித்தாளோ, வழிவழியாகப் பெண்களுக்குத் தெரியும். ஆண்கள் பக்கத்தில் ஒருவருக்கும் தெரியாது. சொல்ல வேண்டிய தேவையும் வரவில்லை. இடம்பெயர்ந்து வந்த குடும்பங்களால் கோயில் நிரம்பி வழிந்த காலத்தில் அந்த வாங்கில் இரண்டு மூன்று தாய்மார் நெருக்கியடித்துக்கொண்டு இருப்பார்கள். ஓவசியர் ஐயாவின் மனைவி சற்று அரங்கி இடம் விட்டு, பால் குடித்து முடித்த பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருப்பார்.

அவர்களுக்கு ஒரே மகன். இந்த ஊரிலேயே பிறந்து, அந்தக் கோயிலிலேயே ஞானஸ்நானம் பெற்றவன். சண்டையின் கடைசிக் காலத்துக்கு முன்னால் வன்னியில் சொந்தக்காரர் வீட்டுக் கலியாணத்துக்கென்று போனான். போனவன் வருவதற்குள் பாதை பூட்டுப்பட்டது. பிறகு கடிதம் இல்லை, ஆள் இல்லை. சண்டை முடிந்து பாதை திறந்ததும் இரண்டு பேரும் போய் முகாம் முகாமாகத் தேடினார்கள். இல்லை என்றும் ஒருவரும் சொல்லவில்லை, இருக்கிறான் என்றும் சொல்லவில்லை.

திரும்பி வந்த முதல் ஞாயிறு அவரே மேடை ஏறினார். யோபுவின் கதையை எடுத்தார். தன் மகனின் பெயரைச் சொல்லி, நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னார். குரல் நடுங்கவில்லை. நம்பிக்கை உள்ளவர்கள் அழ மாட்டார்கள், நானும் அழவில்லை, என் வீட்டிலும் அழுகைச் சத்தம் கேட்கவில்லை, வேண்டுமானால் வந்து பாருங்கள், என் கதவு திறந்துதான் இருக்கிறது என்றார். ஆண்கள் பக்கத்தில் சிலர் விம்மினார்கள். நான் ஆர்மோனியத்தின் கட்டைகளைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். கோபம்தான் வந்தது எனக்கு. அந்த மனுசி இருந்த பக்கம் நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு சபை மெல்ல மெல்ல வடிந்தது. வன்னியிலிருந்து வந்தவர்கள் தங்கள் காணிகளுக்குத் திரும்பினார்கள். மெத்தையில் வௌவால் குடியேறியது. கீழேயும் வாங்குகள் வெறுமையாகக் கிடந்தன. பாட்டு எடுத்தால் ஒவ்வொரு குரலும் தனித்தனியாகக் கேட்டது. அவ்வளவு குறைந்த குரல்களில் ஒரு குரல் இல்லாதது எனக்குத் தெரிந்துவிடும். அவர் மனைவி பாடுவதை எப்போதோ விட்டிருந்தார்.

அந்த மனுசி காய்ச்சலில் படுத்து, ஆஸ்பத்திரிக்குப் போய், திரும்பி வரவில்லை. அடக்கம் முடிந்த அடுத்த ஞாயிறு நான் ஆர்மோனியத்துக்கு முன்னால் இருந்தபோது பின்னால் ஒரு சலசலப்பு. திரும்பிப் பார்த்தேன். ஓவசியர் ஐயா இடக்கதவால் உள்ளே வந்துகொண்டிருந்தார். யாரையும் பார்க்கவில்லை. நேரே படிக்குப் பக்கத்து வாங்குக்குப் போய், மனைவி இருந்த ஓரத்தில் இருந்தார். அன்றைக்குப் போதகர் வந்திருந்தார். அவரும் ஒரு கணம் வேதப்புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்.

ஓவசியர் ஐயா நிமிர்ந்து மேடையைப் பார்த்தார். பிறகு தலையை இடப்பக்கம் சரித்தார். வலப்பக்கம் சரித்தார். முதுகை நேராக்கி மறுபடி பார்த்தார். அதற்கு மேல் அசையவில்லை.

ஆராதனை முடிந்து எல்லாரும் போன பிறகும் அவர் எழும்பவில்லை. என்னைக் கூப்பிட்டு, தான் எழும்பி நின்று, அந்த இடத்தில் ஒருமுறை இருந்து பார்க்கச் சொன்னார். இருந்தேன். மேடை தெரிகிறதா என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். நான் ஆச்சரியப்படாததைக் கண்டு என் முகத்தையே பார்த்தார். பெண்டுகள் எல்லாருக்கும் தெரியும் ஐயா என்றேன். ஒளிக்க என்ன இருக்கிறது அதில்.

தூணையும் மேடையையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் கேட்டார்.

“என்னைப் பாக்க விருப்பமில்லாமலோ ரீச்சர், அவ இவ்வளவு காலமும் இதிலை இருந்தவ?”

அந்தக் கேள்வியை அவர் வாயிலிருந்து கேட்கப் பொறுக்கவில்லை எனக்கு. அவர்மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. பால் கொடுக்கிற தாய்மாருக்கென்று பெண்கள் வைத்திருந்த இடம் இது என்பதை முதலில் சொன்னேன். பிறகு, “அவ மகனுக்குப் பால் குடுக்கவெண்டு வந்து இருந்த இடம் ஐயா. பிறகு எழும்பேல்லை” என்றேன்.

அவர் தூணைப் பிடித்துக்கொண்டார். பிடித்த இடத்தில் கை நின்றது. வெள்ளைப் பெயின்டில், இருந்தால் அந்த மனுசியின் நெற்றி வருகிற உயரத்தில், உள்ளங்கை அளவுக்கு மஞ்சளாக ஒரு கறை. எண்ணெய்க் கறை. முன்னுக்குச் சரிந்து தலையைச் சாய்த்துச் சாய்த்து இருந்ததில் மரத்துக்குள் ஊறியது. அதை முகர்ந்தும் பார்த்தார். அவர் வீட்டு எண்ணெய் வாசம் அவருக்குத் தெரியாதா.

“அழுதவவோ?”

“ஓம்” என்றேன்.

வாங்கில் இருந்தார். தான் எப்போதும் மனைவியைப் பார்த்துத்தான் பிரசங்கம் செய்ததாகச் சொன்னார். மேடையிலிருந்து பார்த்தால் தூணுக்கு வெளியே ஒரு தோளும் சேலைக் கரையும் தெரியுமாம். இருக்கிறா, கேட்டுக்கொண்டு இருக்கிறா என்று நினைத்தாராம். “தோள்மூட்டைப் பாத்துக் கதைச்சிருக்கிறன் ரீச்சர்” என்றார். சந்தையில் யாரோ மீன் விலை கூவுவது யன்னல் வழியாகத் தெளிவாகக் கேட்டது.

அதன்பின் அவர் மேடை ஏறவில்லை. தொண்டை சரியில்லை என்றார். ஒவ்வொரு ஞாயிறும் இடக்கதவால் வந்து அதே ஓரத்தில் இருந்தார். ஆண்கள் பக்கத்தில் உங்கள் வாங்கு வெறுமையாகக் கிடக்கிறதே என்று மூத்தவர் ஒருவர் நயமாகச் சொல்லிப் பார்த்தார். போதகரிடமும் முறைப்பாடு போனது. ஓவசியர் ஐயா எல்லாருக்கும் தலையை ஆட்டிவிட்டு அடுத்த ஞாயிறும் அங்கேயே வந்து இருந்தார். ஒருநாள் முந்தலிலிருந்து உறவு வீட்டுக்கு வந்திருந்த பெண் ஒருத்தி அழுகிற கைப்பிள்ளையோடு அந்த வாங்கடியில் வந்து தயங்கி நின்றாள். அவர் சட்டென்று எழும்பி, இடத்தைக் கையால் துடைத்துக் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டார். ஆராதனை முடியும்வரை வெயிலில், இடக்கதவுப் படியில், சந்தையைப் பார்த்தபடி இருந்தார்.

அந்த நாட்களில் ஒரு பின்னேரம் அவர் வீட்டைக் கடந்து போனேன். முன்கதவு திறந்துதான் கிடந்தது. தெருவைப் பார்த்த கதிரையில் இருந்து பாண் துண்டைத் தேநீரில் தோய்த்துத் தனியே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். உள்ளே அறை வாசலில் புதிதாக ஒரு திரைச்சீலை தொங்கியது. நீலப் பூப்போட்டது. யாருக்காக என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை.

கோயிலின் ஆண்டு விழாவுக்குப் பெயின்ட் அடிக்க முடிவானது. சந்தைப் பக்கத்திலிருந்து பெயின்ட் வேலை செய்கிற வேறொரு நானா ஆட்களோடு வந்தார். தூண்களைச் சுரண்டிக்கொண்டு வந்தவர் அந்தத் தூணடியில் நின்று என்னைக் கூப்பிட்டார்.

“எண்ணெ ஊறின மரம் டீச்சர். எத்தன கை அடிச்சாலும் பெயின்ட மீறி மேல வரும்” என்றார்.

அந்தத் தூணை அப்படியே விடச் சொல்லத்தான் எனக்கு வாய் வந்தது. ஓவசியர் ஐயாவும் அதைத்தான் சொல்வார் என்று நினைத்தேன். உள்ளதை உள்ளபடி சபைக்குக் காட்டுகிற மனிதர் அல்லவா, அடுத்த ஞாயிறு எல்லாரையும் கூப்பிட்டு அந்தக் கறையைக் காட்டினாலும் காட்டுவார் என்று பயந்தும் இருந்தேன். அவர் வந்து தூணுக்கு முன்னால் நின்றார். கறையைத் தொடவில்லை.

“மறைச்சு விடுங்கோ நானா” என்றார்.

நானாவுக்கு விளங்கவில்லை. மறுபடி அதே கதையைச் சொன்னார், மறைத்தாலும் வரும் என்று. ஓவசியர் ஐயா அவரிடமிருந்து பிரஷை வாங்கி, தானே குனிந்து, அந்த இடத்தில் முதல் கை அடித்தார். பெயின்ட் அவர் சேர்ட்டிலும் தெறித்தது. என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

“அது அவ ஒருத்தருக்கும் காட்டாதது ரீச்சர். நான் கண்டதே பிழை.”

ஆண்டு விழாவுக்கு வெளிநாட்டுக்காரர் சிலர் வந்தார்கள். கோயிலைச் சுற்றிக் காட்டச் சொல்லி அவரைத்தான் கேட்டார்கள். காட்டினார். முருகைக்கல்லைச் சொன்னார், எட்டு மூலைப் பலகையைச் சொன்னார், இரண்டு கதவுகளைச் சொன்னார். மேடையில் ஏறவில்லை. ஒருவரையும் இருத்திக் கேள்வி கேட்கவில்லை. மறைவில்லாத கோயில் என்ற கதையையும் எடுக்கவில்லை. நானும் முன்வாங்கில் யாரையும் இருத்த வேண்டி வரவில்லை.

அடுத்த மாரிகாலத்தில் அவரும் போய்விட்டார். பக்கத்து வீட்டுக்காரர் தேநீர் கொண்டு போனபோது கண்டார்களாம். அடக்கத்துக்குச் சனம் குறைவு. மனைவிக்குப் பக்கத்தில் இடம் இருந்தது, வைத்தோம்.

அந்தச் சனிக்கிழமை கூட்டித் துடைக்கிற முறை எனக்கு. முறை என்ன முறை, இப்போது பெண்கள் பக்கத்துக்கு நான் ஒருத்திதான். ஒவ்வொரு வாங்காகத் துடைத்துக்கொண்டு படிக்குப் பக்கத்து வாங்குக்கு வந்து, களைப்பில் அந்த ஓரத்தில் இருந்தேன். நானா சொன்னது பொய்யில்லை. பெயின்டை மீறிப் பழைய கறை மங்கலாக மேலே வந்திருந்தது. அதற்கு ஒரு சாண் மேலே, அதைவிடப் புதிதாக, இன்னொரு கறை. அவர் நெடுத்த மனிதர்.

துடைக்கிற துணியை மடித்து மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தேன். வெளியே சந்தை இரைந்துகொண்டிருந்தது. அங்கிருந்து பார்த்தால் மேடை தெரியாது.